டீ சிந்தாத டயர்

நாகரிகம் என்பது வேறொன்றுமில்லை. மனிதனுக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவதுதான். வெறுங்காலில் நடப்பவனைவிடச் செருப்புப் போட்டவன் ஒரு படி மேல். பாயில் உட்கார்ந்தவனைவிட நாற்காலியில் உட்கார்ந்தவன் மேல். மாடியில் குடியிருப்பவன் எல்லோருக்கும் மேல். இந்த மாபெரும் ஏற்றத்தில் கடைசி நாலு விரற்கடை உயரத்தைத் தன் சொந்த முயற்சியால், அதுவும் கையைக் கடிக்காத செலவில், மனித குலத்துக்குச் சேர்த்துக் கொடுத்தவர் ஓர் உதவிப் பொறியாளர். நகராட்சியில் சாலைப் பராமரிப்புப் பிரிவு அவருடையது.

நகரின் கிழக்குப் பகுதித் தெருக்கள் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. அலுவலகத்தின் மாடியறையில், அவர் முதுகுக்குப் பின்னால், அந்தத் தெருக்களின் பெரிய வரைபடம் தொங்கியது. ஒவ்வொரு புகாருக்கும் அதில் ஒரு சிவப்புக் குண்டூசி குத்தப்படும். அறையைத் துடைக்க வரும் அம்மாள் ஒட்டடை அடிக்கும்போது சில ஊசிகள் உதிரும். உதிர்ந்தவை சீரமைக்கப்பட்டவையாகக் கருதப்பட்டன. இந்த வகையில் அவர் காலத்தில் சீரமைப்புப் பணி ஒரு வாரம்கூடத் தடைப்பட்டதில்லை.

‘பள்ளம்’ என்ற சொல்லை அந்த அலுவலகத்தில் யாரும் உச்சரிப்பதில்லை. பள்ளம் என்றால் அதில் யாராவது விழுவார்கள். விழுந்தால் யாராவது பதில் சொல்ல வேண்டும். அதனால் ‘மேற்பரப்புத் தாழ்வு’ என்றுதான் எழுதுவார்கள், பேசுவார்கள். தாழ்வில் யாரும் விழுவதில்லை. தாழ்வு மனப்பான்மை உள்ளவர்கள் வேண்டுமானால் விழலாம்.

பொறியாளரிடம் முன்பு ஒரு சின்னக் கார் இருந்தது. அது ஒருநாள் அவருடைய சொந்தத் தெருக்களில் ஒன்றின் சொந்தத் தாழ்வு ஒன்றில் இறங்கி, அச்சு முறிந்து, அங்கேயே படுத்துவிட்டது. சாதாரண மனிதராக இருந்தால் அந்தத் தாழ்வை நிரப்பியிருப்பார். இவர் தொலைநோக்கு உள்ளவர். காரை விற்றுவிட்டு, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். காட்டிலும் மேட்டிலும் ஓடக்கூடிய வண்டி அது. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கும் ஓடியது.

ஜீப் வந்த கையோடு ‘சாலை துறந்தோர் பேரவை’யில் உறுப்பினரானார். பெயரைக் கேட்டு யாரும் சாமியார்கள் சங்கம் என்று நினைத்துவிடக் கூடாது. சாலையை விட்டு விலகி, காடு மலை சேறு சகதியில் வண்டி ஓட்டுவதையே வாழ்வின் லட்சியமாகக் கொண்டவர்களின் அமைப்பு அது. ஞாயிறு காலைகளில் ஒரு வணிக வளாகத்தின் வாகன நிறுத்துமிடத்தில், முகம் பார்க்கலாம்போல் வழவழப்பான சிமெண்டுத் தரையில் கூடுவார்கள். பேரவைத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் வண்டியின் முன்பக்கம் சேற்றில் புதைந்தவர்களை இழுக்க ஓர் இரும்புக் கயிற்று உருளை. பக்கவாட்டில், ஆற்றைக் கடக்கும்போது எஞ்சின் மூச்சுவிடுவதற்காக மேல்நோக்கி நீண்ட ஒரு குழாய். அந்தக் குழாய் அதுவரை பார்த்த தண்ணீரெல்லாம் வண்டி கழுவும் கடையில் பார்த்ததுதான்.

முதல் கூட்டத்தில் பல் டாக்டர் பொறியாளரின் ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தார். நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். பிறகு வருத்தத்தோடு நிமிர்ந்தார்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு, இஞ்சினியர் சார். சக்கரம் மட்டும் தையல் மிஷின்லேர்ந்து கழட்டினதா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். பொறியாளரும் சிரித்தார். ஆனால் அன்று மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடம் மேலதிகாரிகளும் ஒப்பந்தக்காரர்களும் பேசாத பேச்சா? எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டுத் தூங்கியவர் அவர். இந்தத் தையல் மிஷின் மட்டும் நெஞ்சில் நின்று மிதித்துக்கொண்டே இருந்தது.

அதிலிருந்து அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். அகலமான டயரா, உயரமான டயரா? இரும்பு வளையமா, அலாய் வளையமா? டயர் முகத்தில் வெட்டுகிற பூவில் கல்லுக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று என்கிறார்களே, நம் மண் எந்தப் பூவைக் கேட்கிறது? அலுவலகத்தில் மேசைமேல் கோப்புகளை விரித்து வைத்து, அவற்றின்மேல் செல்போனைச் சாய்த்து, காணொளிகள் பார்த்தார். தாழ்வுகளின் ஆழத்தை அளப்பதற்காக அலுவலகம் கொடுத்திருந்த அளவு நாடாவை உறையிலிருந்து எடுத்து, ஜீப்பின் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்தார். அந்த நாடா உறையைவிட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

பேரவையில் இரண்டு கட்சிகள் இருந்தன. முப்பத்து மூன்று அங்குல டயர்தான் ஆண்மைக்கு அழகு என்றது தலைவர் கட்சி. அதைப் போட்டால் வண்டியைத் தூக்க வேண்டும், மட்கார்டை வெட்ட வேண்டும், கியரை மாற்ற வேண்டும், பெண்டாட்டி நகையை அடகு வைக்க வேண்டும். முப்பத்தொன்றே மத்திமம் என்றது ஒரு கண்ணாடிக் கடைக்காரரின் தலைமையில் இயங்கிய ஏழைகள் கட்சி. பொறியாளர் மனத்தால் முதல் கட்சி, சம்பளத்தால் இரண்டாம் கட்சி. ஒரு வாரம் இழுபறிக்குப் பிறகு சம்பளம் வென்றது.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் நிதிக்குழுக் கூட்டம் நடந்தது. குழுவில் இரண்டே பேர். மற்றவர் அவருடைய மனைவி. ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்தகத்தில் வேலை பார்ப்பவர்; தினமும் காலையில் ஸ்கூட்டரில் போய் மாலையில் ஸ்கூட்டரில் வருபவர். சந்தேகத்துக்கு இடமில்லாத கையெழுத்தைக்கூட இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து கொடுப்பவர். படுக்கையறைக் கூரையில் மழைக்கு ஒழுகும் இடத்தைச் சரிசெய்யத் தனியாகக் கொஞ்சம் பணம் வைத்திருந்தார்கள். பொறியாளர் அதை ‘மறு ஒதுக்கீடு’ செய்யலாம் என்று முன்மொழிந்தார். ஒழுகுகிற இடத்தில் ஒரு பக்கெட் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்றார். டயர் போட்டால் வண்டி குலுங்காது, முதுகு வலிக்காது, வைத்தியச் செலவு மிச்சம், ஆகவே இது செலவே இல்லை, வரவு என்று கணக்குக் காட்டினார்.

மனைவி முழுவதையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ரோட்டுல இருக்கிற பள்ளத்த மூடிட்டா இந்த டயரே வேணாமே?”

அவர் பொறுமையாக விளக்கினார். தாழ்வை மூடுவதற்குத் திட்ட மதிப்பீடு வேண்டும், ஒப்புதல் வேண்டும், டெண்டர் வேண்டும், மழை நிற்க வேண்டும், தார் வர வேண்டும். டயருக்கு மனைவியின் சம்மதம் ஒன்று போதும்.

“மேல ஒழுகல், கீழ பள்ளம். நடுவுல உங்க டயரு மட்டும் புதுசா?”

“புதுசு இல்லம்மா. செகண்ட் ஹேண்ட்தான்,” என்றார் அவர், சிக்கனத்தின் பெருமையோடு.

மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். மௌனம் சம்மதம் என்று குறிப்பு எழுதிக் கூட்டம் முடிக்கப்பட்டது.

டயர்க் கடைக்காரர் கண்ணாடி அறைக்குள் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்குவாரி முதலாளி ஒருவர் கழற்றிப் போட்ட முப்பத்தோரு அங்குலச் சேற்று டயர்கள் அவரிடம் இருந்தன. பூ ஒவ்வொன்றும் சோப்புக்கட்டி அளவு. பாதி ஆயுசு மிச்சமிருக்கிறது என்று அவர் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். எந்தப் பாதி என்று சொல்லவில்லை. ஐந்தாக வாங்கினால்தான் ஸ்டெப்னியும் சேரும் என்றார். பொறியாளர் நாலுதான் வாங்கினார். பஞ்சர் ஆனால்தானே ஸ்டெப்னி, தாழ்வில் இறங்கினால்தானே பஞ்சர், இந்த டயருக்குத் தாழ்வுதான் தெரியாதே என்பது அவர் வாதம். பழைய இரும்பு வளையங்களுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, அலாய் மாதிரி ஆக்கி, அதில் டயரை மாட்டிக் கொடுத்தார்கள். காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் மெத்தையில் போவதுபோல் இருக்கும் என்று பல் டாக்டர் போனில் சொன்னார். அதுவும் செய்யப்பட்டது.

புதிய சக்கரங்களால் விளைந்த நன்மைகளைச் சொல்லி மாளாது. ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது. அதனால் எந்தத் தெருவிலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வர முடியாமல் ஊரையே சுற்றி வந்து, தன் எல்லைக்குட்பட்ட தெருக்களை அவர் முன்னெப்போதையும்விட அதிகமாகப் ‘பார்வையிட்டார்’. வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்தது. நாட்டின் வரி வருவாய் உயர்ந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய நன்மை சத்தம். வேகம் எடுத்ததும் டயர்கள் ஹோவென்று ஊளையிட்டன. அந்த ஊளையில் செல்போன் மணி கேட்கவில்லை. பிரிவுக்கு வரும் புகார்கள் பாதியாகக் குறைந்தன.

பேரவையில் அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. பல் டாக்டர் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இப்போதுதான் பல் முளைத்திருக்கிறது என்று சான்றளித்தார். தையல் மிஷின் நின்றது. அன்றைக்குப் பொறியாளர் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்படியிருக்கும்போதுதான் மழைக்கால முன்னாய்வு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் தெருக்களைப் பார்த்து, எங்கெங்கே தாழ்வு என்று எழுதி, அதற்கான நிதியைக் கேட்க வேண்டும். அந்த ஆண்டு பொறியாளரின் மேலதிகாரியான செயற்பொறியாளர் தாமே நேரில் வருவதாகச் சொல்லிவிட்டார். அவருக்கு முதுகு வலி. ஆய்வுக்குப் போன மறுநாள் விடுப்பு எடுப்பது அவர் வழக்கம். அலுவலக வண்டி பணிமனையில் இருந்ததால், பொறியாளர் தன் ஜீப்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

செயற்பொறியாளர் கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, மூச்சு வாங்கி, ஒருவழியாக ஏறி உட்கார்ந்தார். கையில் ஒரு காகிதக் கோப்பையில் டீ இருந்தது. பாதி குடித்திருந்தார். வண்டி கிளம்பியது. முதல் தெரு முடிந்தது, இரண்டாம் தெரு முடிந்தது. அவர் முனகவில்லை. ஜன்னலுக்கு வெளியே கட்டடங்களின் முதல் மாடிகளைப் பார்த்து ரசித்துக்கொண்டு வந்தார். கிழக்குப் பகுதி முழுவதும் சுற்றி முடித்த பிறகுதான் கையிலிருந்த கோப்பையைக் கவனித்தார்.

“என்னய்யா இது? டீ ஒரு சொட்டுக்கூடச் சிந்தல.”

“ஆமா சார்.”

“அப்ப ரோடெல்லாம் நல்லாத்தானய்யா இருக்கு? எதுக்கு வருஷா வருஷம் அழுதுட்டு இருக்கோம்?”

பொறியாளர் ஒரு கணம் யோசித்தார். அவர் கெட்டவர் அல்ல. டயர் பெரிது சார், காற்று குறைவு சார், கோப்பையில் பாதிதான் இருந்தது சார் என்று மூன்று உண்மைகள் அவர் நாக்கு நுனிவரை வந்தன. மேலதிகாரியின் முகத்தில் முதன்முதலாக வலியில்லாத ஒரு புன்னகையைப் பார்த்ததும், மூன்றும் வரிசையாகத் திரும்பிப் போய்விட்டன.

“உங்க பார்வை பட்டதும் எல்லாம் சரியாயிடுச்சு சார்,” என்றார்.

‘டீ சிந்தாச் சோதனை’ அன்று பிறந்தது. கிழக்குப் பகுதித் தெருக்கள் யாவும் மேற்பரப்புத் தாழ்வு அற்றவை எனப் பொறியாளர் சான்றளித்துக் கையெழுத்திட்டார். கோப்பை பாதி காலியாக இருந்தது என்ற தொழில்நுட்ப விவரம், படிப்பவர்களைக் குழப்ப வேண்டாம் என்று விடப்பட்டது. வரைபடத்திலிருந்த குண்டூசிகள் பிடுங்கப்பட்டு, அறிவிப்புப் பலகையில் பாராட்டுச் சுற்றறிக்கையைக் குத்தப் பயன்பட்டன. தாழ்வே இல்லாத தெருக்களுக்குப் பராமரிப்பு நிதி எதற்கு? அந்தத் தொகை ‘மறு ஒதுக்கீடு’ செய்யப்பட்டது. சாலைகள் தொடர்ந்து நல்ல நிலையில் இருப்பதை உறுதிசெய்யும் பொருட்டு, பிரிவின் எல்லா ஜீப்புகளுக்கும் முப்பத்து மூன்று அங்குலச் சக்கரங்கள் வாங்கப்பட்டன. அரசாங்கப் பணம் என்பதால் ஸ்டெப்னியோடு.

பிறகு மழை வந்தது. வீட்டில் பக்கெட் நிறைந்தது. தெருக்களில் தாழ்வுகள் நிறைந்தன. தண்ணீர் நிறைந்தபின் எது ரோடு, எது தாழ்வு என்று யாருக்கும் தெரியாது. பார்ப்பதற்குச் சமமாக, கண்ணுக்கு அழகாக இருந்தது.

ஒரு காலையில் பொறியாளர் தபால் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் தெரு வழியாக அலுவலகம் போனார். டயர் ஊளையிட்டது, தண்ணீர் இரு பக்கமும் சிறகுபோல் விரிந்தது, நடந்து போன சிலர் நனைந்து திட்டினார்கள், அது கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து அதே தெருவில் அவர் மனைவி ஸ்கூட்டரில் வந்தார். முன்சக்கரம் இருந்தது, அடுத்த நொடி இல்லை. சக்கரத்தோடு கைப்பிடியும், கைப்பிடியோடு அவரும் தண்ணீருக்குள் போனார்கள். ரொட்டி வேன் ஓட்டி வந்த ஒருவர்தான் அவரைத் தூக்கி, வேனில் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே உட்காரவைத்து, அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. உலோகத் தகடு வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள்.

போன் வந்தபோது பொறியாளர் கோப்புகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். படியில் இறங்கும்போது ஒரு செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடினார். ஆஸ்பத்திரியில் மனைவி மயக்கத்தில் கிடக்க, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாலைவரை நின்றார். டாக்டர் பயமில்லை என்றதும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பும்போது அந்தத் தெருவழியாகத்தான் வந்தார். மழை விட்டிருந்தது. ஸ்கூட்டரை யாரோ சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். தாழ்வின் நடுவில், கலங்கிய தண்ணீரில், நீல வார் வைத்த ஒற்றைச் செருப்பு மிதந்தது. அவருக்கு மனைவியின் அந்தச் செருப்பைத் தெரியும். போன மாதம் கடையில் அவர்தான் உட்கார்ந்து, எது வேண்டுமோ எடு என்று கைபேசியைப் பார்த்தபடி சொன்னார். வண்டியை நிறுத்தினார். இறங்கி எடுக்கலாம் என்று கதவில் கை வைத்தார். இறங்கினால் பேன்ட் முழங்கால்வரை நனையும். முழங்கால்வரை நனைந்தால் அங்கே முழங்கால் ஆழம் இருக்கிறது என்று ஆகிவிடும். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் வண்டியை எடுத்துவிட்டார்.

மறுநாளே விதி தன் வேலையைத் தொடங்கியது. அதாவது அலுவலக விதி. தெருவில் விழுந்து யாராவது சேர்க்கப்பட்டால் ஆஸ்பத்திரி நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். நகராட்சி, அந்தத் தெருவுக்குப் பொறுப்பான அதிகாரியை அனுப்பி வாக்குமூலம் வாங்க வேண்டும். அந்தத் தெருவுக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர்தான் இருந்தார். செயற்பொறியாளர் அவரைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். பிறகு, நெருங்கிய சொந்தம் என்பதற்காக நடுநிலை தவறிவிடக் கூடாது என்றும், தாழ்வே இல்லை என்று இருவர் சேர்ந்து சொன்ன இடத்தில் திடீரென்று ஒரு தாழ்வு கிளம்புவது இருவருடைய ஓய்வூதியத்துக்கும் நல்லதல்ல என்றும் சொன்னார்.

பொறியாளர் கோப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியில் ஆரஞ்சு வாங்கியிருந்தார். சாட்சிக்குப் பழம் கொடுப்பது தூண்டுதலாகிவிடும் என்று தோன்றியதால் அதை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போனார். மனைவி காலைத் தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்தார். அவர் நலம் விசாரித்தார், நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டார், தொண்டையைக் கனைத்தார், ‘வாகன ஓட்டி’யாக அவரைப் பார்க்கத் தொடங்கினார்.

“சம்பவத்தன்னிக்கு வண்டி என்ன வேகம்?”

“நடந்து போறவங்க என்னைத் தாண்டிப் போனாங்க.”

“கவனம் எங்க இருந்துச்சு?”

“பள்ளத்துல.”

“பள்ளம்னு எழுத முடியாதும்மா. மேற்பரப்புத் தாழ்வு.”

“சரி. கவனம் மேற்பரப்புத் தாழ்வுல இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல நானும் அங்கயே இருந்தேன்.”

பொறியாளர் பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்தார். அந்தத் தெருவில் தாழ்வு இல்லை. இது சான்றளிக்கப்பட்ட உண்மை. ஆகவே இல்லாத ஒன்றின்மேல் கவனம் வைத்திருந்ததாக வாகன ஓட்டியே ஒப்புக்கொள்கிறார். அப்படியே எழுதினார். விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் தயங்கினார். மனைவி தூங்கிவிட்டாரோ என்று பார்த்தார். அவர் கண் கொட்டாமல் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ‘சக்கரத்தின் அளவு போதாமை’ என்று எழுதி முடித்தார்.

மனைவி அந்தத் தாளை வாங்கி, தன் தொழில் வழக்கப்படி இரண்டு தரம் படித்தார்.

“இதுல நான் கையெழுத்துப் போடணுமா?”

“போடலன்னா பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினேன்னு ஆயிடும்.”

“அவ்வளவு நல்ல பேரெல்லாம் உங்களுக்கு வேணாம்,” என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொறியாளர் தாளைக் கோப்பில் வைத்துக் கட்டினார். சண்டை போட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். வண்டிக்குத் திரும்பி ஆரஞ்சுகளை உரித்து, ஒன்றொன்றாக எல்லாவற்றையும் அவரே தின்று தீர்த்தார்.

அறிக்கை மேலிடத்தில் மிகவும் பாராட்டப்பட்டது. குறையைச் சொல்பவர் எத்தனையோ பேர். தீர்வைச் சொல்பவர் யார்? மக்கள் விழுவது சக்கரம் சிறியதாக இருப்பதால்தான் என்று தெரிந்தபின் சும்மா இருப்பது குற்றமல்லவா? பொறியாளரே வாசகம் எழுதினார்: ‘பொதுமக்கள் தங்கள் பாதுகாப்பைக் கருதி, அவரவர் வசதிக்கேற்பப் பெரிய சக்கரங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. ‘அன்புடன்’ என்ற சொல்லைச் சேர்த்தது செயற்பொறியாளர். விபத்து நடந்த இடத்திலேயே முதல் பலகை நடப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. பொறியாளர் ஜீப்பில் உட்கார்ந்தபடியே அந்த வேலையை மேற்பார்வையிட்டு, ஆட்களின் சமயோசிதத்தைப் பாராட்டினார்.

மனைவியை வீட்டுக்கு அனுப்பும் நாளில், அவர் ஜீப்பைக் கழுவித் துடைத்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். சக்கர நாற்காலியில் மனைவியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜீப்பின் படி அவர் இடுப்புக்குக் கிட்டத்தட்ட வந்தது. கட்டுப்போட்ட காலை ஊன்றக் கூடாது. நல்ல காலை அவ்வளவு உயரம் தூக்க முடியாது. பொறியாளர் உள்ளே இருந்தபடி கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரி ஊழியர் கீழேயிருந்து தூக்கிப் பார்த்தார். மனைவி வலி தாளாமல் போதும் என்று கையை விடுவித்துக்கொண்டார்.

“விடுங்க. என்னால ஏற முடியாது. உங்களால இறங்க முடியாது.”

ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். தாழ்வான வண்டி, அவர் சறுக்கினாற்போல் உள்ளே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ முன்னால் போக, பொறியாளர் ஜீப்பில் பின்னால் போனார். தபால் நிலையத்துக்குப் பின்னால் அந்தத் தெருவில் ஆட்டோ நின்றது. மனைவி தலையை வெளியே நீட்டி மஞ்சள் பலகையைப் படிப்பது இவருக்குத் தெரிந்தது. அவர் இரண்டு தரம் படித்தார் என்பதை, தலை மேலேறி இறங்கியதிலிருந்து கண்டுகொண்டார். கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்தார். இந்த ஊரில் தன் பேனாவால் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறதே என்று அவருக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

வீட்டில் மனைவியைக் கட்டிலில் படுக்கவைத்து, காலுக்குத் தலையணை வைத்து, ஒழுகல் பக்கெட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி குடித்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு சாதாரணக் குரலில் பேசினார்.

“அந்த போர்டு நீங்க வெச்சதா?”

“ஆமா. நான்தான் எழுதினேன். எப்படி?”

“எழுத்து நல்லா இருக்கு. கம்பம் அசையாம நிக்குதே, குழி ரொம்ப ஆழமா தோண்டுனாங்களோ? செலவு நிறைய ஆயிருக்குமே.”

செலவு என்றதும் பொறியாளரின் முகம் மலர்ந்தது. சிக்கனம் அவர் ரத்தத்தில் ஊறியது.

“ஒரு பைசா செலவில்ல. தோண்டவே இல்லம்மா. முழங்கால் ஆழத்துக்கு அங்க ஏற்கெனவே பள்ளம்...”

நிறுத்தினார். கிழக்குப் பகுதியில் பள்ளம் உண்டு என்று நகராட்சித் தரப்பில் ஒரு பொறுப்புள்ள அதிகாரி வாய் திறந்து ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை.

மனைவி தலையணைக்குப் பக்கத்திலிருந்த மருந்துச் சீட்டின் வெள்ளைப் பின்பக்கத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினார்.

“இப்ப சொன்னீங்களே, அத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

பொறியாளர் பேனாவைத் தேடினார். மேசையில் தேடினார், ஜன்னலில் தேடினார், கட்டிலுக்கடியில் குனிந்துகூடத் தேடினார். அது அவர் சட்டைப்பையிலேயே, மனைவியின் கண்ணுக்கு நேரே, மூடி பளபளக்க நின்றுகொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து, முழு மனத்தோடு, பேனாவே இல்லை என்று சான்றளித்தார்.